விஞ்ஞானிகளின் கோரிக்கை நமது கோரிக்கையே!

“அவர்கள் படித்தவர்கள். மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள். ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும் என்று ஊர்வலம் போகிறார்கள். நமக்கென்ன?”

மில் வாசல் கூட்டங்களில் நாம் பேசும்போது இப்படிக் கேட்ட தோழர்கள் உண்டு. கேட்டது தவறல்ல. பதில் சொல்ல வேண்டியது நமது கடமை.

திங்கட்கிழமை நோய்

கார்டிங்கிலும் ப்ளோ ரூமிலும் வேலை செய்யும் தோழர்களே! வார லீவு முடிந்து திங்கட்கிழமை ஷிப்டுக்குப் போனதும் நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்தது போல் இறுக்குகிறதா? செவ்வாய், புதனில் கொஞ்சம் தணிகிறதா? “பீடி குடிக்கிறான், இருமுகிறான்” என்று மேஸ்திரி சொல்லுவார். பீடி நோயைக் கூட்டும், உண்மை. ஆனால் நோயின் மூலம் பஞ்சுத் தூசு. வருஷங்கள் போகப் போக எல்லா நாளும் திங்கட்கிழமையாகிவிடும். போன மூச்சு திரும்பாது. பிஸினோசிஸ் என்று அதற்குப் பெயர்.

இதைக் கண்டு சொன்னது யார்? மில் மில்லாகப் போய்த் தொழிலாளியின் மூச்சை அளந்து பார்த்த டாக்டர்கள். 1978ல் அமெரிக்க அரசு பஞ்சுத் தூசுக்கு வரம்பு விதித்தது. முதலாளிகள் சும்மா இருந்தார்களா? “எங்கள் செலவையும் தொழிலாளியின் சுவாசப்பையையும் தராசில் வைத்து நிறுத்துப் பாருங்கள்” என்று சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். 1981ல் கோர்ட் அந்த வாதத்தைத் தள்ளியது. டாக்டரின் கணக்கும் தொழிலாளியின் சங்கமும் ஒரே பக்கம் நின்றதால் கிடைத்த வெற்றி அது.

தூசை அளக்கும் கருவிக்கும், அளக்கிற ஆளுக்கும் பணம் வேண்டும். அளக்காத நோய்க்கு நஷ்ட ஈடு கிடையாது. இதுதான் நமக்கும் ஆராய்ச்சிப் பணத்துக்கும் உள்ள சம்பந்தம்.

64 காசு

இந்த நாட்டில் நமது உழைப்பால் நூறு ரூபாய்ச் செல்வம் உற்பத்தியானால், அதில் ஆராய்ச்சிக்குப் போவது எவ்வளவு? சர்க்காரின் சொந்தக் கணக்குப்படியே 2020-21ல் 64 காசு! அதே காலத்தில் சீனா சுமார் 2 ரூபாய் 40 காசு செலவிட்டது. தென் கொரியா சுமார் 4 ரூபாய் 80 காசு. அந்த 64 காசிலும் தனியார் கம்பெனிகளின் பங்கு மூன்றில் ஒன்றைச் சற்றே தாண்டும். லாபத்தை அள்ளுவதில் முதல் வரிசை. ஆராய்ச்சிக்குக் கொடுப்பதில் கடைசி வரிசை. இதுதான் நமது முதலாளிகளின் தேசபக்தி!

2023ல் சர்க்கார் ஒரு சட்டம் கொண்டுவந்தது. தேசிய ஆராய்ச்சி நிதியம் என்றார்கள். ஐந்து வருஷத்தில் 50,000 கோடி ரூபாய் என்று தம்பட்டம் அடித்தார்கள். கணக்கைப் பிரித்துப் பார்த்தால், அதில் 36,000 கோடி சர்க்கார் கஜானாவிலிருந்து வருவதல்ல. தொழிலதிபர்களும் தனவந்தர்களும் மற்றவர்களும் தரவேண்டியது. இதுவரை பையை அவிழ்க்காதவன் இனி அவிழ்ப்பானாம்! அவிழ்த்தால் எதற்கு அவிழ்ப்பான்?

வேலிக்கு ஓணான் சாட்சி

பதிலுக்குக் காசர்கோட்டைப் பாருங்கள். அங்கே அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்களில் இருபது வருஷத்துக்கு மேல், 2000 வரை, ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் தெளித்தார்கள். கீழே குடியிருந்தவர்கள் கூலிகளும் ஏழை விவசாயிகளும். ஊனத்தோடு குழந்தைகள் பிறந்தன. தோட்டக் கழகம் தன் செலவில் ஏற்பாடு செய்த ஆய்வு, விஷத்துக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை என்றது. பொதுப் பணத்தில் நடக்கும் தேசியத் தொழில்சார் சுகாதார நிலையம் 2002ல் தந்த அறிக்கையோ, நோய்க்கும் மருந்துக்கும் முடிச்சு இருப்பதைக் காட்டியது. 2011ல் சுப்ரீம் கோர்ட் நாடு முழுவதும் அந்த மருந்துக்குத் தடை விதித்தது.

மருந்து தெளித்தவனே ஆராய்ச்சிக்குக் கூலி கொடுத்தால் வேலிக்கு ஓணான் சாட்சிதான். ஆகவே பணம் வந்தால் போதாது. அது யாருடைய பணம் என்பதும் கேள்வி.

மகஜரும் ஊர்வலமும்

விஞ்ஞானிகளின் சபைகள் என்ன செய்கின்றன? பெரிய சபைகள் மகஜர் எழுதும்; மந்திரியைப் பேட்டி காணும். 2018ல் மத்திய ராஜாங்க மந்திரி ஒருவர் டார்வினின் பரிணாமக் கொள்கை தவறு என்றபோது, மூன்று விஞ்ஞான அகாடமிகளும் சேர்ந்து மறுத்தன. பாராட்டுகிறோம். ஆனால் சர்க்காரின் மானியத்தில் வாழும் சபை எத்தனை தூரம் போகும்? பல சமயம் பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். 1914ல் தொடங்கிய இந்திய விஞ்ஞான காங்கிரசின் கதியைப் பாருங்கள். 2015ல் அந்த மேடையிலேயே வேதகால விமானம் பறந்தது. அடுத்த வருஷம் சிதம்பரத்தில் பிறந்த நோபல் விஞ்ஞானி வெங்கி ராமகிருஷ்ணன் அதைச் சர்க்கஸ் என்றார். 2023ல் சர்க்கார் ஆதரவை நிறுத்தியதும், 2024 ஜனவரி மாநாடு நடக்கவே இல்லை. ஒரே கையை நம்பியவன் நிலை இதுதான்.

வேறு பாதையும் உண்டு. 2017 ஆகஸ்டு 9ந் தேதி பல நகரங்களில் விஞ்ஞானிகள் தெருவில் இறங்கினார்கள். விஞ்ஞானத்துக்கு நூற்றுக்கு 3, கல்விக்கு நூற்றுக்கு 10 என்று கோஷமிட்டார்கள். பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பாடத்தை நீக்கியதை எதிர்த்து, 2023ல் 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டார்கள். ஆராய்ச்சி மாணவர்கள் நாடெங்கும் கிளர்ச்சி செய்த பிறகே, 2019ல் உதவித்தொகை 25,000 ரூபாயிலிருந்து 31,000 ஆயிற்று. கேட்டது அதிகம்; கிடைத்தது குறைவு. இருந்தாலும் போராடியதால் கிடைத்தது. நமக்குப் பழக்கமான பாடம் அல்லவா?

விஞ்ஞானிகளுக்கு ஒரு வார்த்தை

விஞ்ஞானி நண்பர்களே! உங்கள் 3 சதவீதக் கோரிக்கையை நாம் ஆதரிக்கிறோம். ஆனால் கேட்கிறோம்: அந்தப் பணத்தில் கார்டிங் தொழிலாளியின் மூச்சை அளப்பீர்களா? களத்துமேட்டில் மருந்து தெளிக்கும் கூலியின் ரத்தத்தைச் சோதிப்பீர்களா? கிடைத்த உண்மையை முதலாளியின் முகத்துக்கு நேரே சொல்வீர்களா?

1946ல் லண்டனில் உலக விஞ்ஞானத் தொழிலாளர் சம்மேளனம் பிறந்தது. ஜோலியோ-க்யூரி அதன் தலைவர். பெர்னால் அதன் தூண்களில் ஒருவர். ஆராய்ச்சி செய்பவனும் ஒரு தொழிலாளி என்று அந்தப் பெயரே பிரகடனம் செய்தது. உங்களுக்கு அந்தப் பெயர் நினைவிருக்கட்டும்.

தோழர்களே! விஞ்ஞானிகளின் ஊர்வலம் உங்கள் ஊருக்கு வந்தால் நமது கொடியோடு போய் நில்லுங்கள். அடுத்த கோரிக்கைப் பட்டியலில் இரண்டு வரி சேருங்கள்: மில்லில் தூசை அளந்து கணக்கைச் சங்கத்திடம் கொடு! வயலில் தெளிக்கும் மருந்தின் விஷம் என்னவென்று தமிழில் எழுதி ஒட்டு!

அளந்து சொல்ல அவர்கள். அடித்துக் கேட்க நாம். இரண்டு கையும் சேர்ந்தால்தான் ஓசை!