தெர்மாகோல் களத்தில் மழை பெய்யாது



2025 அக்டோபர் மாதம். சட்டமன்றத் தேர்தலுக்கு இன்னும் ஆறு மாசம்தான் என்று கட்சிக்காரர்கள் ஊர் ஊராகக் கிளம்பியிருந்த நேரம். பக்கத்து நகரத்தில் அரசுப் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். சங்கத்துக்காரர்கள் நாலு பேரும், ஆரணியில் பட்டு நெய்கிற என் மச்சானும் போனோம். கொட்டுகிற மழையில் பொருட்காட்சி எதற்கு என்று கேட்பீர்கள். வயலில் இறங்க முடியவில்லை. மச்சானுக்கோ தறிக்குழியில் தண்ணி ஊறிவிட்டது, தெருவில் பாவு நீட்டவும் வழியில்லை. மழை பிடித்தால் அவருக்கும் கூலி இல்லை, நமக்கும் இல்லை.

உள்ளே துறைக்கு ஓர் அரங்கு. தகரக் கூரை, பலகைத் தரை, அதன்மேல் கம்பளம். சாதனைப் படங்கள்மேல் ஒரு சொட்டு விழவில்லை. அப்பளக் கடைக்காரரும் ராட்டினக்காரரும்தான் நனைந்துகொண்டு நின்றார்கள். கைத்தறி அரங்கில் ஆரணிப் பட்டு, புவிசார் குறியீடு வாங்கிய சேலை. மச்சான் கை வைக்கப் போனார். "தொடாதீங்க" என்றார்கள். நெய்தவனுக்கே அந்த மரியாதை!

அடுத்த அரங்கில் நெல் கொள்முதல் நிலையத்தை மாதிரி செய்து வைத்திருந்தார்கள். தெர்மாகோல் கட்டடம், சிமெண்டுக் களம், கூரைக்கடியில் தீப்பெட்டி அளவுக்கு மூட்டைகள். "இது எந்த ஊருங்க தம்பி?" என்று நம்ம ஆள் கேட்டார். "சும்மா மாதிரிங்க ஐயா" என்றான் அந்தப் பிள்ளை. அவனைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது!

அன்றைக்கு நம்ம சொர்ணவாரி நெல் எங்கே கிடந்தது? ரோட்டோரம், தார்ப்பாய்க்குக் கீழே, அடிமூட்டை முளைவிட்டு. டெல்டாவில் குறுவை நெல்லுக்கும் அதே கதிதான்.

கொள்முதலுக்கு ஈர வரம்பு 17 சதவீதம். 2022-ல் மத்திய அரசு 19 வரை விட்டுக்கொடுத்தது. 2025 அக்டோபரில் மாநில அரசு 22 கேட்டது, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போனது. ஒவ்வொரு மழைக்கும் கடிதம், குழு, மாதிரி. நெல் அதுவரை காத்திருக்குமா? கணக்கைப் பாருங்கள். 22 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல், 17-க்குக் காய்ந்தால் 94 கிலோ நிற்கும். போவது ஆறு கிலோ தண்ணி. வியாபாரி ஆறு கிலோவோடா விடுகிறான்? பச்சை நெல் என்று சொல்லி அவன் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வந்தவர்கள் நம்ம ஊரிலேயே எத்தனை பேர்!

2021 தேர்தலில் சொன்ன குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் 2025-26 கொள்முதலில்தான் கைக்கு வந்தது. மத்திய அரசு விலை 2,369, மாநில ஊக்கத்தொகை 131. வந்ததை வரவில்லை என்று சொல்ல மாட்டோம். ஆனால் ஈரம் என்று வண்டியைத் திருப்பி அனுப்பினால் அந்த 2,500 யாருக்கு?

கொள்முதல் நிலையம் ஒவ்வொன்றுக்கும் சிமெண்டுக் களம், கூரை, நெல் உலர்த்தும் இயந்திரம். நாம் கேட்பது இந்த மூன்றுதான். இனி எந்தத் தேர்தலுக்கு, எந்தக் கட்சிக்காரர் ஓட்டுக் கேட்டு வந்தாலும் ஆரத்தி எடுக்க வேண்டாம். ஒரு கை ஈர நெல்லை அவர் கையில் கொடுத்து, "இதை எங்கே காயவைக்கிறது?" என்று கேளுங்கள். சொல்கிற பதிலைத் தேதி போட்டு, கையெழுத்தோடு எழுதி வாங்கி, கிளைச் செயலாளரிடம் சேர்த்துவிடுங்கள்.