கல்லூரிக்கு இறங்கி வரும் கோச்

அமெரிக்காவில் ஏப்ரல் பிறந்தால் கூடைப்பந்து கோச்சுகள் வீடு மாற்றும் காலம். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி மார்ச்சில் சூடுபிடித்து ஏப்ரல் முதல் வாரத்தில் முடியும். தோற்ற கல்லூரி பழைய பயிற்சியாளருக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டுப் புது ஆளைத் தேடும். அந்தத் தேடல் பல சமயம் என்.பி.ஏ. என்ற தொழில்முறை லீகின் வாசலில் போய் நிற்கும். கோடிகளில் சம்பளம் வாங்கும் நட்சத்திரங்களை மேய்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று பத்தொன்பது வயதுப் பையன்களின் கோச்சாகிவிடுவார்.

இந்த மாதிரிச் செய்தியைத் தமிழாக்க உட்காரும்போது வார்த்தையில் சிக்கல் இல்லை. 'தலைமைப் பயிற்சியாளர்' என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. சிக்கல் படிப்பவர் மனதில் எழும் சித்திரத்தில். ஹைகோர்ட் நீதிபதி முன்சீப் கோர்ட்டுக்குப் போனது போல, 'பாவம், என்ன தப்புச் செய்தாரோ' என்று தோன்றும். கோச் என்ற சொல்லே நமக்கு ரயில் பெட்டிக்கும் பொதுதானே. ஹங்கேரியில் கோச் என்றொரு கிராமம். அங்கே செய்த வண்டிக்கு ஊர்ப் பெயரே பெயராயிற்று. மாணவனைப் பரீட்சையில் 'கரையேற்றும்' வாத்தியாரை ஆக்ஸ்போர்டுப் பையன்கள் கேலியாக அந்த வண்டியின் பெயரால் அழைத்தார்கள். மைதானத்துக்கு அது வந்தது அதற்குப் பிறகுதான். ஆக, கல்லூரிதான் கோச்சின் பிறந்த வீடு.

இதை எழுதுவது அகளியிலிருந்து. மன்னார்க்காடு வழியாக மலையாளமும் ஆனைகட்டி வழியாகத் தமிழும் ஏறி வந்து சந்திக்கும் அட்டப்பாடி ஊர். இங்கே உட்கார்ந்துகொண்டு அமெரிக்கக் கோச்சுகளைப் பற்றிக் கவலைப்படுவானேன் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது, அங்கே போய்விட்டு வருவோம்.

அமெரிக்காவில் அது பதவி இறக்கம் அல்ல. என்.பி.ஏ.யில் ஆட்டக்காரர்தான் எஜமான். கோச்சைவிடப் பல மடங்கு சம்பளம் வாங்குபவரை கோச் எப்படி அதட்ட முடியும்? பருவத்துக்கு 82 ஆட்டம். பத்துப் பதினைந்து தொடர்ந்து தோற்றால் பெட்டி கட்டுவது கோச்தான். கல்லூரியில் எல்லாமே தலைகீழ். யாரைச் சேர்ப்பது, யாரை ஆடவிடுவது, பையன் வகுப்புக்குப் போனானா இல்லையா எல்லாம் கோச் கையில். பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குவோரில் முதலிடம் கவர்னருக்கு அல்ல. அரசுப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அல்லது கூடைப்பந்து கோச்சுக்கு.

அதனால்தான் ரிக் பிட்டினோ 1989-ல் நியூயார்க் நிக்ஸ் அணியை விட்டுக் கென்டக்கிப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1996-ல் பட்டம் வென்றார். ஆசை விடவில்லை. 1997-ல் பாஸ்டன் செல்டிக்ஸுக்குப் போய்ச் சூடுபட்டு, 2001-ல் மறுபடி கல்லூரிக்கே திரும்பினார். ஜான் கலிபாரிக்கும் இதே கதை. நியூஜெர்சி நெட்ஸ் அவரை 1999-ல் நீக்கியது. மெம்பிஸ் வழியாகக் கென்டக்கி சேர்ந்து 2012-ல் பட்டத்தைத் தூக்கினார். லாரி பிரவுன் இன்னும் விசித்திரமான பிறவி. கல்லூரிப் பட்டம் (கன்சாஸ், 1988), என்.பி.ஏ. பட்டம் (டெட்ராய்ட், 2004) இரண்டும் வென்ற ஒரே கோச். எழுபதைத் தாண்டியபின் 2012-ல் டல்லஸ் நகரிலுள்ள சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே விதிமீறல் விவகாரத்தில் தடை வந்தது, 2016-ல் விலகினார். பிட்டினோவின் 2013 லூயிவில் பட்டமும் பிற்பாடு ரத்தானது. பணமும் அதிகாரமும் ஒரே நாற்காலியில் சேர்ந்தால் நடப்பதுதான்.

மேலிருந்து வந்தவர் எல்லாரும் ஜெயித்துவிடவும் இல்லை. ஆட்டக்காரராகச் சிகரம் தொட்டவர் ஐசேயா தாமஸ். நிக்ஸின் கோச்சாக இருந்துவிட்டு 2009-ல் ஃப்ளோரிடா இன்டர்நேஷனல் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். மூன்று பருவத்தில் 26 வெற்றி, 65 தோல்வி. தேர்ந்த ஆளுக்கு வியூகம் சொல்வது வேறு. தேராத பையனைத் தேற்றுவது வேறு.

2021-க்குப் பிறகு கல்லூரி ஆட்டத்தின் முகமே மாறியது. மாணவ ஆட்டக்காரர் தன் பெயரையும் படத்தையும் விற்றுச் சம்பாதிக்கலாம் என்று அந்த ஜூலையில் கதவு திறந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி கல்லூரியே நேரடியாக மாணவருக்குப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு, எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து, ஒரு கல்லூரிக்குச் சுமார் 2 கோடி டாலர். கல்லூரி அணியே குட்டி என்.பி.ஏ. ஆகிவிட்ட பிறகு என்.பி.ஏ. அனுபவஸ்தருக்குக் கிராக்கி ஏறாமல் இருக்குமா? அட்லாண்டாவிலும் நியூயார்க்கிலும் கோச்சாக இருந்த மைக் வுட்சன் 2021-ல் தான் படித்த இண்டியானாவுக்கே வந்தார். ஃபீனிக்ஸ் சன்ஸின் உதவிக் கோச் கெவின் யங் 2024-ல் யூட்டா மாநிலத்தின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 'என்னிடம் வந்தால் என்.பி.ஏ.வுக்கு வழி தெரியும்' என்று பையனின் பெற்றோரிடம் சொல்ல ஆள் வேண்டும். அதற்குத்தான் இந்த விலை.

இனி நம் பக்கம் வரலாம். இந்தக் கதையில் இந்தியாவுக்கும் ஒரு சின்னப் பாத்திரம் உண்டு. நம் ஆண்கள் அணிக்கு 2011-ல் கோச்சாக வந்த கென்னி நாட், சாக்ரமெண்டோ கிங்ஸ் என்ற என்.பி.ஏ. அணியை இடைக்காலமாக நடத்தியவர். அவருக்குப் பின் 2012-ல் வந்தவர் ஸ்காட் ஃப்ளெமிங். அமெரிக்காவில் கல்லூரிக் கோச்சாக இருந்து, என்.பி.ஏ.யின் கீழ்க்கட்டு லீகில் டெக்சஸ் லெஜண்ட்ஸ் அணிக்கு உதவிக் கோச்சாகப் பணிபுரிந்தவர். 2014 ஜூலையில் சீனத்தின் வூஹானில் நடந்த ஆசியக் கோப்பையில் அவருடைய பையன்கள் 65-58 என்று சீனாவையே, அதன் சொந்த மண்ணில், சாய்த்தார்கள். விசேஷ் பிருகுவன்ஷி, அம்ஜ்யோத் சிங், அம்ரித்பால் சிங் என்ற பெயர்கள் அந்த ஒரு வாரம் பத்திரிகையில் கிரிக்கெட்டுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தன. அடுத்த ஆண்டே நம் சம்மேளனம் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து ஆளுக்கொரு தேர்தல் நடத்திக்கொண்டது வேறு விஷயம்.

ஃப்ளெமிங் அதே 2015-ல் எங்கே போனார் என்பதுதான் இங்கே முக்கியம். ஐடஹோ மாநிலத்தில் நாம்பா என்ற ஊர். அங்கே நார்த்வெஸ்ட் நாசரீன் என்று ஒரு திருச்சபைப் பல்கலைக்கழகம். முதல் டிவிஷன்கூட இல்லை, இரண்டாம் டிவிஷன். நூற்றுச் சொச்சம் கோடி மக்களின் தேசிய அணியை நடத்தியவர் அந்தக் கல்லூரியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அவருக்கு அது இறக்கமாகப் பட்டிருக்காது. அந்தச் சின்னக் கல்லூரியிலும் அப்படியொரு நாற்காலி இருந்தது என்பதே நாம் பார்க்க வேண்டியது. 2018-ல் அவர் திரும்பி வந்தார். கிரேட்டர் நொய்டாவில் என்.பி.ஏ. தொடங்கியிருந்த அகாடமிக்கு. நம் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். அவர்களில் கெட்டிக்காரர்கள் சிலர் மேலே படிக்கவும் ஆடவும் கடல் கடந்தார்கள்.

இங்கேயே படித்து ஆடினால் என்ன என்று கேட்டால், யாரிடம் ஆடுவது என்ற பதில் கேள்வி வரும். நம் கல்லூரியில் கோச் என்ற பதவியே இல்லை. இருப்பவர் 'பி.டி.' — பிசிகல் டைரக்டர், உடற்கல்வி இயக்குநர். கூடைப்பந்து, கபடி, ஓட்டம், சதுரங்கம், விளையாட்டு விழாக் கொடியேற்றம், சுதந்திர தின அணிவகுப்பு, அட்மிஷன் நாளில் வரிசையை ஒழுங்குபடுத்துவது எல்லாம் அவர் தலையில். மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவதையும் அவரே மேற்பார்வை பார்ப்பார்.

இந்தப் பதவியின் வேர் சென்னையில் இருக்கிறது என்பது தமிழர் பலருக்கும் தெரியாத சேதி. கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் ஓர் உடற்கல்வி ஆசிரியர்; 1891-ல் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்துக்கென்று ஓர் ஆட்டம் கட்டினார். பின்னர் கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் முதல் கோச்சும் அவரே. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பல்கலைக்கழக வரலாற்றில் வென்றதைவிட அதிகம் தோற்ற ஒரே கோச் ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர்தான். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் கல்லூரி அதுதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப் போனவரும் பக். நம் பள்ளி கல்லூரிகளின் டிரில் மாஸ்டர் பரம்பரை அங்கே தொடங்குகிறது. உடம்பை வளர்க்கும் ஆசிரியர் என்ற நெய்ஸ்மித்தின் எண்ணத்தை நாம் அப்படியே காப்பாற்றினோம். அமெரிக்கர்கள் அதிலிருந்து கோச்சைத் தனியே பிரித்துச் சிம்மாசனம் போட்டார்கள். சிம்மாசனம் நமக்கு வேண்டாம். ஒரு ஸ்டூலாவது போட்டிருக்கலாம்.

ரயில்வேயிலோ போலீஸிலோ தேசிய அணியை உருவாக்கிய ஒருவர் ஓய்வுக்கு முன் கல்லூரிக்கு வர விரும்புகிறார் என்று வையுங்கள். கையில் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் டிப்ளமா இருக்கிறது. செல்லாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி உடற்கல்வியில் முதுகலை, 55 சதவீத மதிப்பெண், 'நெட்' தேர்வு எல்லாம் வேண்டும். ஆசிய விளையாட்டிலோ காமன்வெல்த்திலோ பதக்கம் வென்று, ஒரு முதுகலைப் பட்டமும் இருந்தால் தனி வழி உண்டு. போதாததற்கு ஓட்டத் தேர்வு: நாற்பத்தைந்து வயது வரையிலான ஆண் 12 நிமிடத்தில் 1,200 மீட்டர் ஓட வேண்டும். ஓடட்டும், உடம்புக்கு நல்லது. அவரால் ஒரு பையனுக்கு 'ஜம்ப் ஷாட்' கற்றுத்தர முடியுமா என்று சோதிக்கும் பத்தி எதுவும் அந்தத் தகுதிப் பட்டியலில் இல்லை. சென்னை, கோவைத் தனியார் கல்லூரிகள் சில, கட்டணச் சலுகையும் விடுதியும் கொடுத்து ஆட்டக்காரரைச் சேர்க்கின்றன. கோச்சையும் தொகுப்பூதியத்தில் வைத்துக்கொள்கின்றன. நிர்வாகம் மாறினால் அவர் நிலை என்ன என்பது நிர்வாகத்துக்கே தெரியாது. 2020-ல் புவனேஸ்வரத்தில் பல்கலைக்கழகங்களுக்கான கேலோ இந்தியா போட்டி பிறந்தபோதும் பதக்கம் கூடியது, பதவி பிறக்கவில்லை.

கேரளம் சுற்றுவழியில் ஒரு தீர்வு கண்டது. மாநில ஸ்போர்ட்ஸ் கவுன்சில் கோச்சை நியமித்து, பள்ளி கல்லூரிகளோடு இணைந்த விளையாட்டு விடுதிகளுக்கு அனுப்பும். சங்கனாசேரி அசம்ப்ஷன் கல்லூரியிலிருந்து கீது அன்னா ஜோஸ் என்ற கூடைப்பந்து வீராங்கனை ஆஸ்திரேலிய லீக் வரை போனார். 2011-ல் அமெரிக்கப் பெண்கள் லீகின் தேர்வுக்கும் அழைக்கப்பட்டார். விமானப்படையிலிருந்து வந்த ஓ.எம். நம்பியார், கண்ணூர் விளையாட்டுப் பிரிவில் 1976-ல் பி.டி. உஷா என்ற சிறுமியைக் கையில் எடுத்ததும் கவுன்சில் கோச்சாகத்தான். 1985-ல் துரோணாச்சாரியார் விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது பெற்றவர்களில் அவர் ஒருவர். ராணுவத்திலிருந்து வந்த கே.பி. தாமஸ் இன்னும் கீழே இறங்கினார். கவுன்சில்கூட இல்லை, இடுக்கி எல்லையை ஒட்டிய கோருத்தோடு என்ற மலையோரக் கிராமத்தின் பள்ளிக்கூடம். மைதானம் என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லாத அந்த ஊர், மாநிலப் பள்ளித் தடகளத்தில் பல ஆண்டு கோலோச்சியது. 2003 உலகப் போட்டியில் வெண்கலம் வென்ற அஞ்சு பாபி ஜார்ஜ் அங்கே படித்தவர். தாமஸ் மாஸ்டருக்குத் துரோணாச்சாரியார் 2013-ல் வந்தது.

மேலேயிருந்து இறங்கி வருகிற நல்ல பயிற்சியாளர் நம்மிடமும் உண்டு. அவர் இறங்கும் இடம் பள்ளிக்கூடம். எங்கள் பாலக்காடு மாவட்டமே இதற்குச் சாட்சி. பறளி, முண்டூர், மன்னார்க்காட்டுக்குப் பக்கத்தில் குமரம்புத்தூர் கல்லடிப் பள்ளி — மூன்றும் பள்ளித் தடகளத்தில் கொடி நாட்டியவை. ஒவ்வொன்றின் பின்னாலும் விடியற்காலையில் விசில் ஊதும் ஒரு மனிதர். பிளஸ் டூ முடிந்ததும் அந்த விசில் நின்றுவிடுகிறது. அடுத்துக் கேட்பது வேலை கிடைத்துப் போலீஸ் அணியிலோ ரயில்வேயிலோ சேர்ந்தால்தான். இடையிலிருக்கும் பதினெட்டு முதல் இருபத்திரண்டு வரை, உடம்பு முற்றி ஆட்டம் வடிவெடுக்கும் வயது. நாம்பாவில் அந்த வயதுக்கு ஒரு ஃப்ளெமிங் இருந்தார்.

அட்டப்பாடிக்கு என்று ஓர் அரசுக் கலை அறிவியல் கல்லூரி 2012-ல் வந்தது. அதற்கு முன் மன்னார்க்காட்டுக்கோ பாலக்காட்டுக்கோ மலை இறங்க வேண்டும், அல்லது ஆனைகட்டி தாண்டிக் கோவை போக வேண்டும். இருளர், முடுகர், குறும்பர் ஊர்களிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளிடம் ஓட்டத்துக்கும் தாவலுக்கும் பஞ்சமில்லை. பந்து கொடுத்தால் அரை மணியில் பிடித்துக்கொள்வார்கள். சில ஆண்டுகளுக்கு முன் கேரளப் போலீஸ் அட்டப்பாடி, வயநாடு, நிலம்பூர் ஆதிவாசி இளைஞர்களைச் சிறப்புத் தேர்வு வைத்து எடுத்தது. அன்றிலிருந்து சாயங்காலம் மைதானத்தில் கூட்டம் கூடியிருக்கிறது. நூறு மீட்டர், நீளத் தாண்டுதல், கயிறு ஏறுதல். ஒருவன் ஓடுவான், இன்னொருவன் செல்போனில் விநாடி பார்ப்பான், மூன்றாமவன் நோட்டில் எழுதிக்கொள்வான். எப்படி ஓட வேண்டும் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. அடுத்த உடல்திறன் தேர்வு எந்தத் தேதி என்பது மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம்.