அம்பயரைத் திட்டுமுன் விதியைப் பாருங்கள்

பெங்களூர் சின்னசாமி ஸ்டேடியத்தில் ஆட்டம் நடந்தால், மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸிலும் ஆபீஸ் கேன்டீனிலும் அதே பேச்சுதான். நம் அணி தோற்றுவிட்டாலோ, தீர்ப்பு இரண்டே வார்த்தை: "அம்பயர் குருடன், இல்லையென்றால் விலைபோனவன்."

வேறு காரணமே இருக்க முடியாதா? இருக்கிறது. அதே சின்னசாமி ஸ்டேடியத்தில் நடந்த மூன்று சம்பவங்களைப் பார்த்தாலே அது விளங்கும்.

கண் தவறியது

2019 மார்ச் 28. ஐ.பி.எல். ஆட்டம். மும்பை அணிக்கு எதிராகக் கடைசிப் பந்தில் பெங்களூருக்கு 7 ரன் வேண்டும். மலிங்கா வீசினார். ரன் கிடைக்கவில்லை. பெங்களூர் 6 ரன்னில் தோற்றது. அதன்பிறகுதான் டி.வி. படம் காட்டியது: மலிங்காவின் முன்கால் கோட்டைத் தாண்டியிருந்தது! நோ-பால் கொடுத்திருந்தால் ஒரு ரன்னும் மறுபடி ஒரு பந்தும் கிடைத்திருக்கும். அதில் ஒரு சிக்சர் அடித்தால் வெற்றி.

அம்பயராக நின்றவர் எஸ்.ரவி. பெங்களூரில் பிறந்தவர். சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் உயர்மட்ட நடுவர் குழுவில் அப்போது இருந்த ஒரே இந்தியர். பிறந்த ஊரின் அணிக்கே அவர் முடிவு பாதகமாயிற்று. பாரபட்சம் என்று எப்படிச் சொல்வது? விதியிலும் குழப்பமில்லை. முன்காலில் கொஞ்சமாவது கோட்டுக்குப் பின்னால் இருக்கவேண்டும், அவ்வளவுதான். காலைப் பார்த்த கண் அடுத்த நொடியே எதிர்முனையையும் பார்க்கவேண்டும். அந்தக் கண் தவறியது. இதற்கு மருந்து எளிது. 2020 முதல் ஐ.பி.எல்.லில் அந்தக் கோட்டை டி.வி. நடுவர் பார்க்கிறார்.

கண் தவறுவது கிரிக்கெட்டில் மட்டுமா? 2010 ஜூன் 2 அன்று அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரில் ஒரு பேஸ்பால் ஆட்டம். கலராகா என்ற வீச்சாளர் எதிரணியின் 26 பேரை வரிசையாக வெளியேற்றிவிட்டார். 27-வது ஆளும் அவுட். சாதனை கைக்கு வந்தாயிற்று. அம்பயர் ஜிம் ஜாய்ஸ் 'அவுட் இல்லை' என்றார்! ஆட்டம் முடிந்து படத்தைப் பார்த்தவர், தன் தவறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். சாதனை திரும்பவில்லை. ஆனால் மறுநாள் மைதானத்தில் கலராகா அவருக்குக் கை கொடுத்தார்.

விதி இடறியது

2011 பிப்ரவரி 27. உலகக் கோப்பை ஆட்டம். இந்தியா 338, இங்கிலாந்தும் 338. வெற்றி தோல்வி இல்லை. அன்று யுவராஜ் வீசிய பந்து இயன் பெல்லின் காலில் பட்டது. அம்பயர் பில்லி பவுடன் அவுட் இல்லை என்றார். தோனி மேல்முறையீடு செய்தார். பந்து நேரே ஸ்டம்பில் போய் விழுவதாகக் காட்டியது திரை. அப்படியும் பெல் தப்பினார். 69 ரன் எடுத்தார்.

காரணம் என்ன? பந்து காலில் பட்ட இடம் ஸ்டம்பிலிருந்து 2.5 மீட்டருக்கும் அப்பால். அவ்வளவு தூரத்தில் பட்டால் மீதிப் பாதை யந்திரத்தின் ஊகம்தான். எனவே மைதானத்து அம்பயரே முடிவு செய்யட்டும் என்றது அன்றைய விதி. பவுடன் விதியை மீறவில்லை. குறை விதியில்தான் இருந்தது. அந்தப் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே ஐ.சி.சி. அம்பயர்களுக்குப் புதிய விளக்கம் தர நேர்ந்தது.

சொல்லாமல் விட்டது

2024 ஜனவரி 17. இந்தியாவும் ஆப்கானிஸ்தானும் தலா 212 ரன். சூப்பர் ஓவரிலும் தலா 16. அந்த ஓவரில் ஒரு பந்து மீதமிருக்க, ரோகித் சர்மா தாமாகவே வெளியேறினார். வேகமாக ஓடக்கூடிய ரிங்கு சிங் உள்ளே வந்தார். இரண்டாவது சூப்பர் ஓவரில் ரோகித் மறுபடியும் பேட் பிடித்தார். இந்தியா வென்றது.

ஒரு சூப்பர் ஓவரில் அவுட்டானவர் அடுத்ததில் ஆடக்கூடாது என்பது விதி. ரோகித் போனது காயத்தாலா, சொந்த விருப்பத்தாலா? முதலாவது என்றால் திரும்பி வரலாம். இரண்டாவது என்றால் அவுட் கணக்கு. எந்தக் கணக்கில் அவரை அனுமதித்தார்கள் என்பது பார்த்தவர்களுக்கு அன்று விளங்கவில்லை. விதியில் இரண்டு வழி இருக்கும்போது அம்பயர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் எந்த வழி, ஏன் என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாத தீர்ப்பு சரியாக இருந்தாலும் சந்தேகம் போகாது.

நாமும் அம்பயர்களே

பிழைப்புக்காக வேறு மாநிலத்துக்கு வந்த நமக்கு இது வெறும் விளையாட்டுச் செய்தி அல்ல. சிபாரிசு உள்ளவனுக்கு விதி தேவையில்லை. சிபாரிசு இல்லாதவனுக்கு, எல்லோருக்கும் ஒரே மாதிரி நடக்கும் விதி ஒன்றே துணை. மனு திரும்பி வரும்போது, அது எந்த விதிப்படி என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. குமாஸ்தா கவனிக்காமல் விட்டாரா, விதியே அப்படித்தானா, அவராக ஒரு அர்த்தம் செய்துகொண்டாரா? இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் யாரிடம் முறையிடுவது என்பது தெரியும். எல்லாவற்றுக்கும் எதிரில் உட்கார்ந்திருப்பவரைத் திட்டினால் காரியம் நடக்காது.

நம்மில் பலரும் குமாஸ்தாக்களே. கவுண்டருக்கு உள்ளே உட்காரும்போது நாம்தான் அம்பயர். நேற்று வந்தவருக்கு ஒரு அர்த்தம், இன்று வந்தவருக்கு ஒரு அர்த்தம் சொல்கிறோமா? மறுக்கும்போது காரணத்தைச் சொல்கிறோமா?

அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஆடும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. பேட் பிடிக்கும் கட்சிக்காரனையே அம்பயராக நிறுத்துவதால்தான் சண்டை வருகிறது. பிறகு அது தெருச் சண்டையாகவும் மொழிச் சண்டையாகவும் மாறுகிறது. ஆட்டம் தொடங்குமுன் இரு தரப்பும் விதியைப் பேசி முடியுங்கள். விதி தெரிந்த பொது மனிதர் ஒருவரை நிறுத்துங்கள். இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய நம் வெங்கட்ராகவனே பிற்காலத்தில் 73 டெஸ்ட் ஆட்டங்களில் அம்பயராக நின்றார். அம்பயர் வேலை ஆடத் தெரியாதவனுக்குக் கொடுக்கும் வேலையல்ல.