கம்பெனியைக் காப்பாற்றுவதா, நாற்காலியைக் காப்பாற்றுவதா?

நிர்வாகத்தின் சம்மதமே இல்லாமல் ஒரு கம்பெனியைக் கைப்பற்ற வருவதற்குப் பெயர் ஹாஸ்டைல் டேக்ஓவர். அப்படி ஒருவர் வந்து நின்றால், இயக்குநர்கள் யார் பக்கம் நிற்க வேண்டும்? 2019-ல் பெங்களூரு ஐடி நிறுவனமான மைண்ட்ட்ரீக்கு இந்தச் சோதனை வந்தது.

என்ன நடந்தது?

அந்த ஆண்டு மார்ச்சில், காபி டே நிறுவனர் வி.ஜி.சித்தார்த்தா தரப்பிடம் இருந்த சுமார் 20% மைண்ட்ட்ரீ பங்குகளை, பங்குக்கு 980 ரூபாய் கொடுத்து வாங்க எல் அண்ட் டி ஒப்பந்தம் போட்டது. மற்ற பங்குதாரர்களிடமும் 31% வரை அதே விலையில் வாங்க ஓப்பன் ஆஃபர் அறிவித்தது. மைண்ட்ட்ரீ நிறுவனர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஆனால் அவர்கள் கையில் இருந்ததோ சுமார் 13% தான்.

தடுக்க என்ன வழி? கம்பெனிப் பணத்திலேயே பங்குகளைத் திரும்ப வாங்கும் 'பைபேக்' பற்றி இயக்குநர் குழு யோசித்தது. மார்ச் 26-ம் தேதி அதைக் கைவிட்டது. ஆஃபரைப் பரிசீலிக்க சுயேச்சை இயக்குநர்கள் குழுவை அமைத்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

செபியின் 2011 விதிகள்படி, ஆஃபர் காலத்தில் பைபேக் செய்வதோ, முக்கியச் சொத்துகளை விற்பதோ இயக்குநர்கள் இஷ்டத்துக்கு முடியாது. பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதாவது, பதிவாகும் வாக்குகளில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு.

இந்தக் கடிவாளம் தேவைதான். காணையில் உட்கார்ந்து மொபைல் ஆப்பில் 10 ஷேர் வாங்கியவரும் கம்பெனிக்குச் சொந்தக்காரர்தான். அவர் பணத்தையும் சேர்த்துச் செலவழித்து, நிறுவனர்கள் தங்கள் பதவிக்குக் கோட்டை கட்டக் கூடாது இல்லையா?

விடுபட்டது எது?

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கம்பெனிகள் சட்டம் 2013-ன் 166-வது பிரிவு, பங்குதாரர்களோடு ஊழியர்களின் நலனையும் இயக்குநர்களின் கடமையாக வைக்கிறது. டேக்ஓவர் நேரத்திலோ பேச்சு முழுக்க 'விலை நியாயமா?' என்பதிலேயே சுற்றுகிறது. மைண்ட்ட்ரீ சுயேச்சை இயக்குநர்கள் விலை நியாயம் என்றார்கள். எல் அண்ட் டி சுமார் 60% பங்குகளைப் பிடித்தது. 2022-ல் மைண்ட்ட்ரீ, எல்டிஐமைண்ட்ட்ரீ ஆனது.

விலை பிடிக்காவிட்டால் பங்குதாரர் விற்காமல் இருக்கலாம். ஊழியருக்கு அந்த ஆப்ஷன்கூட இல்லை. வேலை, சம்பளம், பணிச்சூழல் என்ன ஆகும் என்பதையும் சுயேச்சை இயக்குநர்கள் தங்கள் பரிந்துரையில் எழுத வேண்டும் என்று செபி கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை, உங்கள் கையில் உள்ள ஷேருக்கு ஓப்பன் ஆஃபர் வந்தால் விலையை மட்டும் பார்த்து 'ஓகே' தட்டாதீர்கள். சுயேச்சை இயக்குநர்களின் பரிந்துரை, பங்குகளை ஒப்படைக்கும் காலம் தொடங்க குறைந்தது 2 வேலை நாட்களுக்கு முன்பே நாளிதழ்களில் வெளியாக வேண்டும். முதலில் அதைப் படியுங்கள்.