ஆட்டமும் ஆசிரியரும்

திருச்சிராப்பள்ளியில் தமிழ் பயில்வோர்க்கு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை (1815–1876) அறிமுகஞ் செய்ய வேண்டுவதில்லை. அவர்கள் இயற்றிய நூல்கள் மிகப் பல. ஆயினும் அவர்கள் பெயரை இன்று நாடெங்கும் நிலைநிறுத்துவது, அவர்களிடம் பாடங்கேட்ட உ. வே. சாமிநாதையரவர்கள் எழுதிய சரித்திரமே எனலாம். ஆற்றுக்கு அப்பால் ஸ்ரீரங்கத்திலும், ஆசாரியரை வணங்கிய பின்னரே நூலைத் தொடங்குதல் வைணவப் பெரியோர் மரபு. கல்வியில் ஆசிரியரை இவ்வாறு போற்றும் நாம், விளையாட்டில் மட்டும் அவரை மறந்துவிடுவது ஏன்? ஒருவர் வரலாற்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

அவர் ஏ. ஜி. ராம்சிங். 1910-இல் பிறந்த சீக்கியர். சென்னையைத் தம் ஊராக்கிக்கொண்டவர். இடக்கை ஆட்டக்காரர், இடக்கையாலேயே மெதுவாகச் சுழற்பந்தும் வீசுபவர். 1934 நவம்பர் 4-ஆம் நாள் சேப்பாக்கம் மைதானத்தில் சென்னையும் மைசூரும் எதிர்த்தாடின. ரஞ்சிக் கோப்பைப் பந்தயத்தின் முதல் ஆட்டம் அதுவே. மைசூர் 48 ஓட்டங்களுக்கும், மறுமுறை 59 ஓட்டங்களுக்கும் வீழ்ந்தது. சென்னை ஒருமுறை ஆடி எடுத்த 130 ஓட்டங்களே வெற்றிக்குப் போதியனவாயின. பல நாள் நடக்கவேண்டிய ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. ராம்சிங் 35 ஓட்டங்களே கொடுத்து 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

இத்தகைய வீரர் இந்தியாவுக்காக அதிகாரபூர்வமான டெஸ்ட் ஆட்டம் ஒன்றேனும் ஆடியதில்லை. 1936-இல் இங்கிலாந்து சென்ற குழுவில் அவருக்கு இடமில்லை. 1946-இல் சென்ற குழுவிலும் இல்லை. இடைப்பட்ட பத்தாண்டுகளிலோ, உலக யுத்தத்தின் காரணமாகவும் பிறவாற்றானும், இந்தியா டெஸ்ட் ஆட்டமே ஆடவில்லை. இருபத்தாறு வயது முதல் முப்பத்தாறு வரை உள்ள பருவமே ஆட்டக்காரனின் விளைச்சற் பருவம். அப்பருவம் அவருக்கு இங்ஙனங் கழிந்தது.

வேறொருவராயின் மனங்கசந்து மைதானத்தை விட்டே அகன்றிருப்பர். ராம்சிங்கோ தமக்குக் கிட்டாததைப் பிறர்க்குக் கிட்டச் செய்யும் பணியை மேற்கொண்டு, சென்னையில் பயிற்சியாசிரியராய் விளங்கினார். அதன் பயனை அவர் இல்லத்திலேயே காணலாம். சென்னை முதன்முறையாக ரஞ்சிக் கோப்பையை வென்ற 1954–55-ஆம் ஆண்டில், அவ்வெற்றிக்குப் பெருந்துணையாய் நின்றவர் அவர் மைந்தர் கிருபால் சிங். அவரே 1955 நவம்பரில் ஹைதராபாத்தில் நியூஸிலாந்துக்கு எதிராகத் தம் முதல் டெஸ்டிலேயே நூறு ஓட்டங்கள் எடுத்தார். இளையவர் மில்கா சிங்கும் பின்னர் டெஸ்ட் ஆடினார். தந்தைக்கு அடைபட்ட கதவு மைந்தர் இருவர்க்குத் திறந்தது.

“ஆடுபவன் அல்லனோ வெல்கிறான்? கற்பிப்பவர்க்கு ஊதியம் உண்டே, புகழும் வேண்டுமோ?” என்பார் உளர். ஊதியம் நேரத்திற்கு விலையாகலாம், பொறுமைக்கு விலையாகாது. பந்தைப் பிடிக்கும் விரல்களின் இடைவெளியையும், அடி எடுத்துவைக்கும் கோணத்தையும், ஒரே பிழையை நூறுமுறை கண்டும் சினவாது திருத்துபவர் அவர். காவிரியில் நீர் வற்றிய நாட்களில் மணற்பரப்பிற் சென்று காண்க. மட்டையும் பந்துமாய் ஆடும் சிறுவருள் இயற்கையாற்றல் உடையார் சிலரேனும் இருப்பர். அவர்தம் ஆற்றலை வேலியின்றி வளரும் செடியாக விடாமல் காப்பவர் பயிற்சியாசிரியரே. இந்திய அரசாங்கம் அன்னோர்க்கெனத் துரோணாசாரியர் விருதை ஏற்படுத்தியது 1985-இல் தான். அப்பொழுது ராம்சிங்குக்கு வயது எழுபத்தைந்து. 1999-இல் அவர் காலமானார்.

அரசாங்கம் காலந்தாழ்த்துச் செய்ததை நம் கலாசாலை இன்னும் காலந்தாழ்த்த வேண்டுவதில்லை. நாம் வேண்டுவன இரண்டே. வெற்றி பெற்ற குழுவின் படத்தை இம்மலரில் வெளியிடுங்கால், அதனைப் பயிற்றியவர் பெயரையும் படத்தின்கீழ் அச்சிடுக. மண்டபத்துப் பலகையில் தலைவன் பெயரை எழுதுங்கால், அதன் பக்கத்தில் ஆசிரியர் பெயரையும் எழுதுக. இதற்கு ஆகும் செலவு ஒரு வரி எழுதும் வண்ணமே. பழைய மாணவர்களும் தத்தம் காலத்துப் பயிற்சியாசிரியர் பெயர்களை எழுதியனுப்பின், விடுபட்ட ஆண்டுகளையும் நிரப்பலாம்.

புலவர்க்கு ஒரு சாமிநாதையர் வாய்த்தார். மைதானத்து ஆசிரியர்க்கு அங்ஙனம் வாய்ப்பது அரிது. ஆதலின் அக்கடமை நம் அனைவரையும் சார்ந்தது.