தராசு நிண்டுபோச்சா? பாரத்தைக் கீழ வைக்காதீங்க

ஜிம்முக்குப் போகத் தொடங்கின முதல் இரண்டு மாதமும் எல்லாருக்கும் சந்தோசம்தான். கிழமைக்குக் கிழமை நிறை இறங்கும். பிறகு ஒருநாள் 72 கிலோவில வந்து நிற்கும். அடுத்த கிழமையும் 72. அதுக்கடுத்த கிழமையும் அதே 72. இந்த இடத்திலதான் எங்கட பெடியள், பெட்டையள் கனபேர் மூன்று முடிவுகளில ஒன்றை எடுக்கினம். இராச்சாப்பாட்டை விடுறது, பாரம் தூக்கிறதை விட்டிட்டு மணித்தியாலக் கணக்கில ஓடுறது, இல்லாட்டி ஜிம்மையே விடுறது. மூன்றும் பிழை எண்டுதான் நான் சொல்லுவன்.

நிறை ஏன் நிற்குது? 80 கிலோ உடம்புக்குத் தேவைப்பட்ட சக்தி 72 கிலோ உடம்புக்குத் தேவையில்லை. அதே படியை ஏறினாலும், சும்மா படுத்திருந்தாலும் செலவு குறைவு. சாப்பாடு குறையக் குறைய எங்களுக்குத் தெரியாமலே நடமாட்டமும் குறையும். அதனால, முதல் குறைவாயிருந்த அதே சாப்பாடு இப்ப சரியளவாகிவிடுகிறது. இது தோல்வி இல்லை, கணக்கு.

அந்தக் கணக்கைப் பட்டினியால் வெல்லலாமா? 1944 இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆண்களை வைத்து ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். 24 கிழமைகள் அரைப்பட்டினி. அவர்களின் நிறை கிட்டத்தட்டக் கால்வாசி குறைந்தது. ஆனால் ஓய்வில் உடம்பு செலவழிக்கும் சக்தி அதைவிடக் கூடுதலாகக் குறைந்தது. ஆட்கள் சோர்ந்துபோய், எரிச்சல்பட்டு, நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே யோசித்துக்கொண்டு இருந்தார்கள். இராச்சாப்பாட்டை விடுற ஆக்கள் இதை ஒருக்கா யோசிக்கவேணும்.

அடுத்தது, தராசுக்குக் கொழுப்பும் தெரியாது, தசையும் தெரியாது, தண்ணியும் தெரியாது. பாரம் தூக்கிறவையின்ர தசை கூடுதலான மாச்சத்தைச் சேமிக்கும், அதோட தண்ணியும் சேரும். மாதவிடாய்க்கு முதல் பல பெண்களுக்கு ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும். 2010 இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், ஒரே ஆக்களுக்குக் குறைந்த சாப்பாடு கொடுத்து, 14 நாள் எட்டரை மணித்தியாலமும் இன்னொரு 14 நாள் ஐந்தரை மணித்தியாலமும் படுக்கவிட்டுப் பார்த்தார்கள். இரண்டு முறையும் தராசு காட்டினது கிட்டத்தட்ட ஒரே இறக்கம், மூன்று கிலோ அளவு. ஆனால் நல்லா நித்திரை கொண்டபோது போன கொழுப்பு 1.4 கிலோ, நித்திரை குறைந்தபோது 0.6 கிலோ மட்டும். மிச்சத்தில் பெரும்பங்கு கொழுப்பில்லாத உடம்பு. எக்ஸாம் காலத்தில விடிய விடிய முழிச்சிருந்துகொண்டு டயட் செய்யிற கம்பஸ் பிள்ளையளுக்கு இதைவிட வேற பாடம் தேவையில்லை.

அப்ப என்ன செய்யிறது? ஒருநாள் நிறையைப் பார்த்து முடிவெடுக்காதீங்க. கிழமைச் சராசரியை மூன்று, நாலு கிழமைக்கு எழுதுங்க. இடுப்பை ரேப்பால அளவுங்க. எத்தனை கிலோவை எத்தனை தரம் தூக்கினீங்க எண்டும் ஒரு கொப்பியில குறிச்சு வையுங்க. இடுப்பு இறங்கி, தூக்கிற பாரம் ஏறினால் ஒண்டையும் மாத்தத் தேவையில்லை.

எல்லாமே நிண்டுபோனால் மட்டும் சாப்பாட்டைப் பாருங்க. கணக்கில வராதது சோறு இல்லை. ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில ஏறக்குறைய 120 கலோரி. இரண்டு கரண்டி சீனியோட ஐந்து தேத்தண்ணி எண்டால் சீனியில மட்டும் 160. கன்ரீன் ரோல்ஸ் தனிக்கணக்கு. இதில கொஞ்சம் குறைச்சு, நாளுக்கு அரை மணித்தியாலம் நடந்தாலே கனபேருக்குக் காணும். மாதக்கணக்கா டயட்டில இருந்து களைச்சிருந்தால், ஒரு இரண்டு கிழமை நிறை கூடாமல் குறையாமல் இருக்கிற அளவுக்குச் சாப்பிட்டு ஆறுங்க. அது சோம்பல் இல்லை.

தசையைக் காப்பாத்தப் புரதம் வேணும். ஒரு கிலோ உடல்நிறைக்கு நாளுக்கு 1.6 கிராம் நல்ல இலக்கு. 60 கிலோ ஆளுக்கு 96 கிராம். இதுக்கு விலைகூடின டப்பா கட்டாயமில்லை. ஒரு முட்டையில 6 கிராம், 50 கிராம் காய்ந்த சோயா மீற்றில 25 கிராம் அளவு இருக்கு. பருப்பு, அவிச்ச கடலை, மீன், நெத்தலிக் கருவாடு எல்லாம் எங்கட குசினிச் சாமான். ஹொஸ்ரலில இருக்கிறவை றைஸ் குக்கரிலயே முட்டை அவிக்கலாம்.

எனக்கு உண்மையில கோபம் வாறது வேற இடத்தில. "என்ன, உடம்பு வச்சிட்டாய்" எண்டு சுகம் விசாரிக்கிற சமூகம் இது. அதே வாய்தான் பாரம் தூக்கிற பெட்டையைப் பார்த்து "ஆம்பிளை மாதிரி வரப்போறாய்" எண்டும் சொல்லும். இதுக்குப் பயந்து காலைச்சாப்பாட்டை விட்டு, விரிவுரையில தலைசுத்தி இருக்கிற பிள்ளையள் இருக்கினம். மாதவிடாய் நிண்டாலோ, அடிக்கடி தலைசுத்தினாலோ டயட்டை நிப்பாட்டி டொக்டரிட்டப் போகவேணும். அந்த நிலையில இறங்கின நிறையை வெற்றி எண்டு சொல்லேலாது.

போன மாதம் 30 கிலோவோட ஸ்குவாட் செய்த ஒருத்தி இந்த மாதம் 40 கிலோவோட எழும்புறாள் எண்டால், அவள் முன்னேறியிருக்கிறாள். தராசு 72 இலயே நிக்கட்டும். அடுத்தமுறை அவளைக் கண்டால் மெலிஞ்சிட்டியா எண்டு கேக்காமல், இப்ப எத்தனை கிலோ தூக்கிறாய் எண்டு கேளுங்க.