பள்ளி மணி அடித்த பிறகு

நம்முடன் பணியாற்றி ஓய்வு பெற்ற உபாத்தியாயர் ஒருவர் மதுரையை அடுத்த சிற்றூரில் இருக்கிறார். பள்ளி மணி அடிக்கும் வேளையில், இன்றும் சலவைச் சட்டையுடன் திண்ணைக்கு வந்துவிடுகிறார். வீட்டார் சிரிக்கிறார்கள், நமக்குச் சிரிப்பு வரவில்லை.

1967-ஆம் ஆண்டில் ஹோம்ஸ், ராஹே என்ற இரு அமெரிக்க மனநோய் வைத்தியர்கள், நோய்க்கு முன்னோடியாக வரும் வாழ்க்கை மாறுதல்கள் 43-க்கு மதிப்பெண் வகுத்தார்கள். வாழ்க்கைத் துணையை இழப்பதற்கு 100. உத்தியோக ஓய்வுக்கு 45. கல்யாணத்துக்கும் 50 உண்டு! நேயர்கள் நகைக்க வேண்டாம். நல்ல மாறுதலும் பாரந்தான்.

அந்தப் பாரத்தைச் சுமந்து காட்டியவர் மதுரையிலேயே இருந்தார். டாக்டர் கோ. வெங்கடசாமியின் விரல்களை இளமையிலேயே கீல்வாதம் முடக்கியது. பிரசவ வைத்தியராகும் எண்ணத்தை விட்டுக் கண் வைத்தியம் பயின்றார். 1976-இல் சர்க்கார் உத்தியோகம் முடிந்ததும், உடன்பிறந்தார் துணையுடன், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். பதவி போயிற்று, வேலையும் உறவும் போகவில்லை. ஆகவே, "இனி நான் யார்?" என்று அவர் திகைக்க நேரவில்லை.

எல்லோரும் ஆஸ்பத்திரி கட்ட வேண்டியதில்லை. திண்ணையில் இருக்கும் பெரியவரிடம், மணி அடிக்கும் அந்த வேளையில், பேரனின் கணக்குப் புஸ்தகத்தைக் கொடுத்துப் பாருங்கள்.